குதிரையோடு குடிபோகும் முன்: அமெரிக்க வீட்டுரிமையாளர் சங்கக் குடியிருப்பில் பொறுப்புக் காப்பீடு எடுப்பது எப்படி?

அமெரிக்காவில் பிள்ளைகள் குதிரையேற்றம் பழகத் தொடங்கிய சில ஆண்டுகளில், வாரத்துக்கு ஒருமுறை லாயத்துக்குக் காரோட்டிச் செல்வதைவிட வீட்டுக்குப் பின்னாலேயே குதிரையை வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் சில தமிழ்க் குடும்பங்களுக்கு வருகிறது. அப்படி எண்ணுகிறவர்களின் கண்ணில் முதலில் படுபவை, குதிரைக்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பட்ட சங்கக் குடியிருப்புகள்தாம் (வீட்டுரிமையாளர் சங்கம், அதாவது எச்.ஓ.ஏ., நிர்வகிக்கும் குடியிருப்புகள்). கலிஃபோர்னியாவில் பாலோஸ் வெர்டெஸ் தீபகற்பத்தின் மேலுள்ள ரோலிங் ஹில்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் மேற்கு ஓரத்திலுள்ள ஹிடன் ஹில்ஸ் ஆகிய இரண்டும் இவ்வகையில் பெயர் பெற்றவை. வெள்ளையடித்த, மூன்று குறுக்குக் கட்டைகள் கொண்ட மரவேலியும், வீட்டு மனைகளின் ஓரமாக வளைந்து செல்லும் குதிரைத் தடங்களும் அவற்றின் அடையாளங்கள். ரோலிங் ஹில்ஸில் லாயத்துக்கும் அடைப்புக்கும் மனைக்குள் இடம் ஒதுக்க வேண்டும் என்பது விதியாகவே இருக்கிறது.

இத்தகைய ஒரு குடியிருப்பில் நான் எட்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். அதில் மூன்று ஆண்டுகள் சங்கத்தின் தடப் பராமரிப்புக் குழுவில் இருந்தேன். புதிதாக வருபவர்கள் குதிரையின் வயதையும் நடையையும் பற்களையும் வாரக்கணக்கில் ஆராய்ந்துவிட்டு, காப்பீட்டைப் பற்றி ஏஜென்ட்டிடம் ஒரே ஒரு நிமிடம் தொலைபேசியில் பேசி முடித்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். “எங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது” என்பதே அவர்கள் எல்லாரிடமிருந்தும் வரும் பதில். அந்தப் பதில் போதாது. யாருடைய பாலிசி, யாருக்காக, எந்த நிகழ்வுக்கு, எவ்வளவு தொகை வரை என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை கிடைத்தபிறகே குதிரையை வண்டியிலிருந்து இறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த விடைகளை எந்த வரிசையில் தேடுவது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன்: எதற்காக இந்தக் காப்பீடு

நம் ஊரில் இருசக்கர வாகனத்துக்கு எடுக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை நினைத்துக்கொண்டால் பொறுப்புக் காப்பீட்டின் அடிப்படை எளிதில் விளங்கும். உங்கள் குதிரையாலோ உங்கள் கவனக்குறைவாலோ மற்றொருவருக்குக் காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டு, அதற்கு நீங்கள் பொறுப்பாளி என்று ஒருவர் வழக்குத் தொடுக்கும்போது, உங்களுக்காக வழக்கறிஞரை அமர்த்தி வாதாடுவதும், பொறுப்பு உறுதியானால் பாலிசியின் வரம்புக்குள் பணம் கொடுப்பதும் அதன் வேலை. குதிரை நோயுற்றாலோ இறந்தாலோ கிடைக்கும் இழப்பீடு வேறு பாலிசி. அதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வாகனக் காப்பீட்டுக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. குதிரை வைத்திருப்பவர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று வாகனச் சட்டம்போலக் கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டம் கிடையாது. கட்டாயம் வருவதானால் பெரும்பாலும் சங்கத்தின் விதிகளிலிருந்தும் லாயத்தின் ஒப்பந்தத்திலிருந்துமே வரும்.

குதிரை ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள, ஆபத்து என்று தோன்றினால் ஓடித் தப்பும் இயல்புடைய விலங்கு. காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பை, திடீரென்று சீறும் தண்ணீர்த் தெளிப்பான், இலை ஊதும் இயந்திரம், பின்னாலிருந்து ஓசையின்றி வரும் மின்மிதிவண்டி ஆகிய ஒவ்வொன்றும் அதை மிரள வைக்கக்கூடியவை. சங்கக் குடியிருப்பில் இவை அத்தனையும் ஒரே தடத்தில் கூடுகின்றன. நடைப்பயிற்சி செய்வோரும் நாயோடு வருவோரும் சிறுவர்களும் அதே தடத்தில்தான் வருகிறார்கள். திறந்த பண்ணையில் குதிரை மிரண்டால் சவாரி செய்பவர் மட்டும் விழுவார். இங்கே அது பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துத் தள்ளிவிடக்கூடும்.

முதற்படி: வீட்டுக்குக் கையெழுத்திடும் முன் ஆவணங்களைப் படித்தல்

சங்கக் குடியிருப்பில் வீடு வாங்குபவர் அச்சங்கத்தின் விதிகளையும் சேர்த்தே வாங்குகிறார். மனையோடு பிணைந்து பதிவுசெய்யப்பட்டிருக்கும் கட்டுப்பாட்டுப் பத்திரத்தை இங்கே எல்லாரும் சி.சி. அண்ட் ஆர் என்று சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் 1985-ஆம் ஆண்டின் டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டத்தின்படி, விற்பவர் இப்பத்திரத்தையும் சங்கத்தின் பிற ஆவணங்களையும் வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும். சங்கம் ஆண்டுதோறும் உறுப்பினர்களுக்கு அனுப்பும் வரவு செலவு அறிக்கையில் சங்கத்தின் காப்பீட்டு பாலிசிகளின் சுருக்கமும் இடம்பெற வேண்டும். டெக்சாஸில் வாங்குபவர்கள், சொத்துச் சட்டத் தொகுப்பின் 207-ஆம் அத்தியாயத்தின்கீழ் சங்கத்திடமிருந்து பெறும் மறுவிற்பனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இவற்றில் குதிரையைப் பற்றிய பத்திகளைத் தேடிப் படிக்கும்போது, எத்தனை குதிரைகளுக்கு இசைவு என்பதோடு நின்றுவிடாதீர்கள். குதிரை உரிமையாளர் குறைந்தபட்சம் எவ்வளவு தொகைக்குப் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்ற விதி உண்டா, விருந்தினர்கள் தடத்தில் சவாரி செய்யலாமா, உங்கள் குதிரையால் சங்கத்துக்கு வரும் வழக்குச் செலவை நீங்கள் ஈடுசெய்ய வேண்டும் என்ற உறுதிமொழி எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதுதான் மிகவும் கனமானது. அப்படிப்பட்ட உறுதிமொழியில் கையெழுத்திடுபவர், தம் பாலிசி அந்த ஒப்பந்தப் பொறுப்பையும் ஏற்குமா என்று ஏஜென்ட்டிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஏற்காத பாலிசிகள் உண்டு.

அடுத்து, தடம் யாருடைய நிலத்தின்மேல் செல்கிறது என்று கேளுங்கள். சங்கத்தின் பொதுநிலத்தில் செல்லும் தடம் ஒன்று. நகராட்சியோ கவுண்டியோ பராமரிக்கும் பொதுத் தடம் மற்றொன்று. தனியார் மனைகளின் ஓரத்தில் வழியுரிமை மட்டும் பெற்றுச் செல்லும் தடம் மூன்றாவது வகை. ரோலிங் ஹில்ஸின் தடங்கள் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. உங்கள் மனையின்மீது அப்படியொரு தடம் சென்றால், முன்பின் தெரியாத ஒருவரின் குதிரை அங்கே தடுக்கி விழுந்தாலும் வழக்கறிஞரின் முதற்கடிதம் உங்கள் முகவரிக்கும் வரலாம். பொழுதுபோக்குக்காகத் தம் நிலத்தில் நுழைபவர்களுக்கு நிலத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமை நில உரிமையாளருக்கு இல்லை என்று கலிஃபோர்னியக் குடிமைச் சட்டத்தின் 846-ஆம் பிரிவு சொல்கிறது. விலங்குகளின்மேல் சவாரி செய்வதும் அப்பட்டியலில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனால் நுழைவதற்குக் கட்டணம் வாங்கியிருந்தாலோ, வந்தவரை நீங்களே நேரடியாக அழைத்திருந்தாலோ, ஆபத்தை அறிந்தே வேண்டுமென்று எச்சரிக்காமல் விட்டிருந்தாலோ அந்தப் பாதுகாப்பு விலகிவிடும். ஆகவே தடத்தின் ஓரத்தில் நீங்கள் பதித்த குழாயோ கம்பியோ இருந்தால், அதைக் கண்ணில் படும்படி அடையாளமிடுவது காப்பீடு எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

இரண்டாம் படி: உங்கள் சொந்த வீட்டு பாலிசியைத் திறந்து பார்த்தல்

பெரும்பாலான வீட்டுரிமையாளர்களிடம் இருப்பது எச்.ஓ.-3 என்ற வகைப் பாலிசி. அதன் இரண்டாம் பகுதியில் இரண்டு வெவ்வேறு பாதுகாப்புகள் இருக்கின்றன. ‘கவரேஜ் இ’ என்பது தனிப்பட்ட பொறுப்புக் காப்பீடு. வழக்கமாக 1,00,000 டாலரில் தொடங்கும் இதனைச் சிறிது கூடுதல் பிரீமியம் செலுத்தி 3,00,000 அல்லது 5,00,000 டாலராக உயர்த்திக்கொள்ளலாம். ‘கவரேஜ் எஃப்’ என்பது தவறு யாருடையது என்று பாராமல் வெளியாருக்குக் கொடுக்கப்படும் சிறிய மருத்துவச் செலவுத் தொகை. இது பெரும்பாலும் 1,000 முதல் 5,000 டாலர் வரை இருக்கும். அமெரிக்க மருத்துவமனையில் ஓர் எலும்புமுறிவு அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் செலவை அறிந்தவர்களுக்கு இந்தத் தொகை எவ்வளவு விரைவில் கரையும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு பாலிசியின் பொறுப்புப் பகுதி வீட்டு எல்லையோடு முடிந்துவிடுவதன்று. சங்கத்தின் தடத்திலும் வேறு ஊரிலும் உங்கள் குதிரை செய்யும் சேதத்துக்கும் அது பொதுவாகத் துணை நிற்கும். நிறுவனம் குதிரையை விலக்கியிருந்தால் அந்தத் துணை இல்லை. விலக்கு எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சில பாலிசிகளில் விலங்குகள் அனைத்தையும் விலக்கும் தனி இணைப்புத்தாள் (பாலிசியின் விதிகளை மாற்றும் என்டார்ஸ்மென்ட்) கடைசிப் பக்கங்களில் இருக்கும். சில நிறுவனங்கள் நாயினங்களின் பட்டியலோடு குதிரையையும் சேர்த்துவிடுகின்றன. இன்னும் சில, விண்ணப்பத்தில் “பண்ணை விலங்குகள் உண்டா” என்ற கேள்விக்கு நீங்கள் முன்பு எழுதிய “இல்லை” என்ற விடையை எடுத்துக்காட்டிக் கோரிக்கையை மறுக்கும்.

எங்களுக்கே இது நேர்ந்தது. குதிரை வந்த முதல் வாரத்தில் எங்கள் ஏஜென்ட் தொலைபேசியில் “கவலைப்படாதீர்கள், அதெல்லாம் கவராகும்” என்று சொன்னார். ஆறு மாதம் கழித்து, வேறொரு காரணத்துக்காகப் பாலிசியை முழுதாகப் படித்தபோது, சவாரி விலங்குகளால் வரும் காயத்தை விலக்கும் ஒரு பத்தி இணைப்புத்தாளில் இருந்தது. அந்த ஆறு மாதமும் என் மகளின் வகுப்புத் தோழிகள் எங்கள் குதிரையின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு நான் உறங்கவில்லை. எழுத்தில் வாராத உறுதியை நம்ப வேண்டாம் என்று இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது, பொதுவாகக் கேட்காமல் நடக்கக்கூடிய நிகழ்ச்சிகளைச் சொல்லிக் கேளுங்கள்:

- எங்கள் குதிரை சங்கத் தடத்தில் மிரண்டு நடந்து செல்பவரை இடித்தால், இந்தப் பாலிசி வாதாடி இழப்பீடும் கொடுக்குமா?
- வேலிக்கதவு திறந்திருந்து குதிரை சாலைக்கு ஓடி, ஒரு கார் அதன்மேல் மோதி ஓட்டுநர் காயமடைந்தால் என்ன ஆகும்?
- விருந்தினரின் குழந்தை எங்கள் குதிரையிலிருந்து விழுந்தால் என்ன ஆகும்?
- பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் இசைவோடு குதிரையை நடத்திச் செல்லும்போது விபத்து நேர்ந்தால் அவருக்கும் பாதுகாப்பு உண்டா?
- நண்பரின் குதிரை எங்கள் லாயத்தில் ஒரு வாரம் தங்கியிருக்கும்போது காயமடைந்தால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் “இல்லை” என்ற விடையே வரும். உங்கள் பொறுப்பிலும் பராமரிப்பிலும் உள்ள பிறர் சொத்துக்கு நேரும் சேதத்தை வீட்டு பாலிசிகள் விலக்கிவிடுகின்றன. சட்டத்தின் கண்ணில் நண்பரின் குதிரையும் சொத்தே. பிறர் குதிரைகளைத் தங்கவைக்கும் எண்ணம் இருந்தால் அதற்கென்று தனிப் பாதுகாப்பு வாங்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோரைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டு பாலிசியின் பொறுப்புப் பகுதி, அதே வீட்டில் வசிக்கும் குடும்பத்தாருக்கு நேரும் காயத்துக்குப் பணம் கொடுக்காது. உங்கள் மகள் உங்கள் குதிரையிலிருந்து விழுந்தால் அவளுடைய மருத்துவக் காப்பீடுதான் உதவ வேண்டும். பேத்தியின் குதிரைக்குக் கேரட் கொடுக்கப் போய்க் கடிபடும் தாத்தா அவ்வீட்டில் வசிப்பவரா, விருந்தினரா என்பது நீங்களே விடை சொல்லிக்கொள்ளக்கூடிய கேள்வியன்று; நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வையுங்கள். அவருக்கு எடுத்திருக்கும் விசிட்டர் மருத்துவக் காப்பீட்டு பாலிசி குதிரையேற்றத்தை விலக்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தொகையை முடிவு செய்தல்

வீட்டு பாலிசி குதிரையை ஏற்றுக்கொண்டால், பொறுப்பு வரம்பை 3,00,000 அல்லது 5,00,000 டாலராக உயர்த்தி, அதன்மேல் அம்பர்லா பாலிசி ஒன்றை எடுப்பதே நான் பரிந்துரைக்கும் வழி. அம்பர்லா என்பது கீழிருக்கும் பாலிசியின் வரம்பு தீர்ந்தபின் அதற்குமேல் பணம் கொடுப்பது. இது 10 லட்சம் டாலர் என்ற படிகளில் விற்கப்படுகிறது. இதிலும் ஓர் இடறல் உண்டு: அம்பர்லா பாலிசியிலும் குதிரையை விலக்கும் பத்தி இருக்கக்கூடும். கீழுள்ள பாலிசி ஏற்றுக்கொள்கிறது என்பதனாலேயே மேலுள்ளதும் ஏற்கும் என்று கருதக் கூடாது. இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

வீட்டு பாலிசி குதிரையை ஏற்காவிட்டால், தனிநபர் குதிரை உரிமையாளர் பொறுப்பு பாலிசி என்று தனியாகவே கிடைக்கிறது. குதிரைக் காப்பீட்டில் தேர்ந்த ஏஜென்ட்டுகள் இதை விற்கிறார்கள். உங்கள் கால்நடை மருத்துவரிடமோ பயிற்சியாளரிடமோ கேட்டால் வழிகாட்டுவார்கள். குதிரையைச் சொந்தமாக வாங்காமல் பாதிக் குத்தகைக்கு (உரிமையாளரோடு நாள்களைப் பகிர்ந்துகொள்ளும் முறையில்) எடுத்துச் சவாரி செய்பவர்களுக்கும் இது பொருந்தும். குத்தகைக் குதிரையின் விபத்துக்கு உரிமையாளரின் பாலிசி முன்னிற்குமா, உங்களுடையதா என்பதைக் குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: சங்கத்தின் பாலிசி உங்களுக்கு என்ன செய்கிறது என்று அறிதல்

“சங்கத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே” என்பது புதியவர்களிடம் அடிக்கடி கேட்கும் வாசகம். சங்கத்தின் பொதுப் பொறுப்பு பாலிசி சங்கத்தைக் காப்பதற்கானது. தடத்தில் பள்ளம் விழுந்து அதை மூடாமல் விட்டதால் ஒருவர் சங்கத்தின்மேல் வழக்குப் போட்டால் அது சங்கத்துக்காக வரும். உங்கள் குதிரை ஒருவரை உதைத்ததற்காக உங்களை வழக்கில் சேர்த்தால் அது உங்களுக்காக வராது. அதைவிடவும் வருந்தத்தக்க நிலை ஒன்றுண்டு. சங்கத்தின் பாலிசியிலேயே சவாரி விலங்குகளை விலக்கும் இணைப்புத்தாளோ, விளையாட்டுகளில் பங்கேற்போரின் காயங்களை விலக்கும் இணைப்புத்தாளோ இருக்கக்கூடும். குதிரைத் தடங்களைப் பெருமையாக விளம்பரப்படுத்தும் குடியிருப்பில், தடத்தில் நடக்கும் குதிரை விபத்துக்குச் சங்கத்திடமே காப்பீடு இல்லை என்பது எவ்வளவு பெரிய குறை! பாலிசியின் முழுப் பிரதியையும், இணைப்புத்தாள்கள் உட்பட, கேட்டு வாங்கிப் படியுங்கள். சுருக்கத்தில் இது தெரியாது.

கலிஃபோர்னியச் சட்டம் இவ்விடத்தில் ஓர் உதவி செய்கிறது. பொதுநிலத்தின் கூட்டு உரிமையாளர் என்ற ஒரே காரணத்தால் ஓர் உறுப்பினர்மேல் தனியாக வழக்குத் தொடுக்கப்படாமல் இருக்க, 100 அல்லது அதற்குக் குறைவான வீடுகளுள்ள சங்கம் குறைந்தது 20 லட்சம் டாலருக்கும், 100-க்கு மேற்பட்ட வீடுகளுள்ள சங்கம் 30 லட்சம் டாலருக்கும் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று குடிமைச் சட்டத்தின் 5805-ஆம் பிரிவு வரையறுக்கிறது. உங்கள் சங்கத்தின் தொகை அந்த அளவை எட்டுகிறதா என்று ஆண்டறிக்கையில் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

சங்கத்தின்மேல் வரும் தீர்ப்பு அதன் பாலிசி வரம்பைத் தாண்டினால், மிகுதித் தொகையைச் சங்கம் எல்லா வீடுகளிடமும் சிறப்புக் கட்டணமாக வசூலிக்கக்கூடும். உங்கள் வீட்டு பாலிசியில் ‘லாஸ் அசெஸ்மென்ட்’ என்ற பெயரில் இதற்கொரு பாதுகாப்பு உண்டு. ஆனால் அது வழக்கமாக வெறும் 1,000 டாலராகவே இருக்கும். அதைப் பல மடங்கு உயர்த்திக்கொள்ளக் கேளுங்கள். இதற்கான கூடுதல் பிரீமியம் பெரும்பாலும் சிறியது.

ஐந்தாம் படி: சங்கம் கேட்கும் சான்றிதழைச் சரியாகக் கொடுத்தல்

குதிரை உரிமையாளர்களிடம் காப்பீட்டுச் சான்றிதழைக் கேட்கும் சங்கங்கள் பல. அகார்ட் 25 என்ற ஒற்றைப் பக்கப் படிவம் பரவலாகப் பயன்படுவது. இது தகவலுக்காக மட்டுமே தரப்படுகிறது, பெற்றவருக்கு எவ்வித உரிமையையும் தராது என்ற பொருளில் அப்படிவத்தின் மேற்பகுதியிலேயே அச்சிட்டிருக்கும். அதாவது சான்றிதழை வைத்திருப்பவர் என்று சங்கத்தின் பெயரை எழுதுவதால் மட்டும் சங்கத்துக்குப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. சங்கம் வேண்டுவது, உங்கள் பாலிசியின் பாதுகாப்பில் தானும் பங்குபெறும் ‘அடிஷனல் இன்சூர்டு’ (கூடுதல் காப்பீடு பெறுபவர்) என்ற நிலையானால், அதற்குப் பாலிசியில் தனி இணைப்புத்தாள் சேர்க்க வேண்டும். வீட்டு பாலிசி நிறுவனங்கள் இதற்குப் பெரும்பாலும் மறுத்துவிடும்; பாலிசி நின்றுபோனால் சங்கத்துக்கு அறிவிக்கிறோம் என்ற அளவில் மட்டும் ஒப்புக்கொள்ளும். தனி குதிரைப் பொறுப்பு பாலிசியில் அந்த இணைப்பைச் சேர்ப்பது எளிது. சங்கத்தின் விதி எதைக் கேட்கிறது என்பதை மேலாளரிடம் உறுதிசெய்துகொண்டு அதன்பின் பாலிசியைத் தேர்ந்தால் இரட்டைச் செலவைத் தவிர்க்கலாம்.

இச்சான்றிதழோடு குதிரையின் காகின்ஸ் இரத்தப் பரிசோதனைச் சான்றையும் சங்கமோ லாயமோ கேட்கக்கூடும்; அது தொற்று இரத்தசோகை நோய்க்கான சோதனை. கால்நடை மருத்துவரிடம் ஆண்டுக்கொருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மாநிலச் சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும் என்று தெரிந்துகொள்ளுதல்

குதிரைச் செயல்பாடுகளில் இயல்பாகவே உள்ள ஆபத்துகளால் நேரும் காயத்துக்கு உரிமையாளரும் பயிற்சியாளரும் பொறுப்பல்லர் என்று கூறும் சட்டங்கள் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கின்றன. 1989-இல் வாஷிங்டன் மாநிலம் இதைத் தொடங்கிவைத்தது. டெக்சாஸில் இது 1995-இல் குதிரைச் சட்டமாக வந்து, 2011-இல் பண்ணை விலங்குகள் அனைத்தையும் உள்ளடக்குமாறு விரிந்தது. கலிஃபோர்னியாவில் அப்படிப்பட்ட தனிச் சட்டம் கிடையாது. டெக்சாஸிலிருந்து இங்கே மாறிவரும் குடும்பங்கள் இதை அறியாமல், அங்கே மாட்டியிருந்த எச்சரிக்கைப் பலகையையே இங்கும் கொண்டுவந்து மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கலிஃபோர்னியாவில் பாதுகாப்பு நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியாக வருகிறது: விளையாட்டில் இயல்பாக உள்ள ஆபத்தை அதில் இறங்குபவர் ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார் என்ற கொள்கையை மாநில உச்ச நீதிமன்றம் 1992-இல் வகுத்தது, 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, விருந்துக்கு வந்து குதிரையேறி விழுந்த விருந்தினரின் வழக்கில் அதே கொள்கையைப் பின்பற்றி உரிமையாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

மாநிலம் எதுவானாலும் சில விதிவிலக்குகள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்கின்றன. இற்றுப்போன சேணப்பட்டியைத் தெரிந்தே கொடுத்தவர், ஏறுபவரின் திறமையை விசாரிக்காமல் முரட்டுக் குதிரையைக் கொடுத்தவர், நிலத்தில் மறைந்திருக்கும் ஆபத்தை எச்சரிக்காதவர் ஆகியோருக்குச் சட்டம் துணை வராது. ஜார்ஜியா, வட கரோலினா, ஃபுளோரிடா ஆகிய மாநிலங்களில் பயிற்சியாளர்களும் லாயம் நடத்துவோரும் மாட்ட வேண்டிய எச்சரிக்கைப் பலகையின் எழுத்துகள் குறைந்தது ஓர் அங்குல உயரம் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஃபுளோரிடாவில் பொதுச் சாலையிலும் பொதுத் தடத்திலும் சவாரி செய்யும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது 2009 முதல் சட்டம். எந்த மாநிலமானாலும் ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 தரக்குறியுள்ள குதிரையேற்றத் தலைக்கவசம் இல்லாமல் விருந்தினர் எவரையும் ஏறவிடாதீர்கள். மிதிவண்டிக் கவசம் இதற்குப் போதாது.

சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதை நீதிமன்றத்தில் நிலைநாட்ட வழக்கறிஞர் வேண்டும். வென்ற வழக்குக்கும் செலவு உண்டு. அந்தச் செலவைத் தாங்குவதற்காகவே பாலிசி.

ஏழாம் படி: நண்பர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்

நம்மவர்களிடம் நான் மிகுதியாக வாதிட வேண்டியிருந்தது இந்த இடத்தில்தான். “அவர்கள் நம் ஆட்கள், பத்து வருடப் பழக்கம், நம்மேல் வழக்குப் போடுவார்களா?” என்று கேட்பார்கள். நண்பர் போட மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் அவருக்காகச் செலவிட்ட பெருந்தொகையைப் பொறுப்பாளியிடமிருந்து திரும்பக் கேட்கும் உரிமையை வைத்திருக்கிறது. பெரிய நிறுவனங்களில் பணிபுரியும் பலருடைய மருத்துவத் திட்டம் முதலாளியே பணம் போட்டு நடத்துவது. பணியாளர் நலத்திட்டங்களுக்கான 1974-ஆம் ஆண்டின் எரிசா என்ற கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் இயங்கும் அத்திட்டங்கள், எப்படி அடிபட்டது, எங்கே, யாருடைய இடத்தில் என்று கேட்டு நோயாளிக்குப் படிவம் அனுப்புவது வழக்கம். நண்பர் அதில் உண்மையைத்தான் எழுத வேண்டும். அவ்வளவில் உங்கள் பெயர் கோப்பில் ஏறிவிடும். உங்களிடம் தக்க பாலிசி இருந்தால் இரு காப்பீட்டு நிறுவனங்கள் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளும், நட்பும் பிழைக்கும்.

ஆகவே குதிரையேற வரும் ஒவ்வொருவரிடமும் ஆபத்தை ஏற்கும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். பிறந்தநாள் விருந்தில் ஐந்து நிமிடம் ஏற்றி இறக்குவதானாலும் சரி. இணையத்தில் கிடைக்கும் பொதுப் படிவம் வேண்டாம்; உங்கள் மாநில வழக்கறிஞர் எழுதியதாக இருக்கட்டும். மிகக் கடுமையான கவனக்குறைவுக்கு முன்கூட்டியே விலக்குப் பெற முடியாது என்று கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பிள்ளைக்காகப் பெற்றோர் இடும் கையெழுத்துக்கு எல்லா மாநிலங்களிலும் ஒரே மதிப்பு கிடையாது. படிவத்தால் பாலிசிக்கு மாற்றாக நிற்க முடியாது. கையெழுத்து வாங்கும்போது மறக்காமல், அவர் முன்பு எத்தனை முறை குதிரையேறியிருக்கிறார் என்றும் கேட்டுப் படிவத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன விதிவிலக்குகளில் ஒன்று அந்த ஒரு வரியால் அடைபடுகிறது.

எட்டாம் படி: பணம் கைமாறும் முன் நிறுத்திக் கேட்டல்

நன்றாகச் சவாரி செய்யும் மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து மணிக்கு இவ்வளவு என்று வாங்கத் தொடங்குவாள். காலியாக இருக்கும் லாயத்தில் இன்னொருவரின் குதிரைக்கு மாத வாடகை வரும். வீட்டு பாலிசிகள் தொழிலால் விளையும் பொறுப்பை விலக்குகின்றன. பரவலாகப் பயன்படும் மாதிரிப் பாலிசியில், முந்தைய 12 மாதங்களில் 2,000 டாலருக்கு மேல் பெற்றால் அது தொழிலாகக் கருதப்படும் என்ற வரையறை இருக்கிறது. உங்கள் பாலிசியில் அந்த எண் வேறாகவும் இருக்கலாம். எல்லையை நெருங்கும்போதே பயிற்சியாளருக்கான வணிகப் பொறுப்பு பாலிசிக்கு மாறிவிடுங்கள். சங்க விதிகளும் வீட்டில் தொழில் நடத்துவதைத் தடுத்திருக்கக்கூடும். வெளியிலிருந்து வந்து உங்கள் மனையில் வகுப்பெடுக்கும் பயிற்சியாளரிடம், அவருடைய பாலிசியில் உங்களைக் கூடுதல் காப்பீடு பெறுபவராகச் சேர்த்த இணைப்புத்தாளை முதல் வகுப்புக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

விபத்து நேர்ந்தால்

முதலில் காயம்பட்டவருக்கு உதவி. 911-ஐ அழைத்தபின் குதிரையைப் பாதுகாப்பான அடைப்பில் கட்டுங்கள். குதிரை சாலைக்கு ஓடியிருந்தால், வரும் வாகனங்களை எச்சரிக்க ஒருவரை முன்னால் அனுப்புங்கள். காயம்பட்டவரிடம் அன்பாகவும் அக்கறையாகவும் பேசுவது மனிதத்தன்மை. அதைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் தவறு யாருடையது, செலவை யார் ஏற்பது என்பனவற்றைப் பேசுவதும் உறுதி கொடுப்பதும் உங்கள் பாலிசியையே பாதிக்கக்கூடும். அவற்றைக் காப்பீட்டு நிறுவனத்திடம் விட்டுவிடுங்கள்.

அன்றைய நாள் முடிவதற்குள் தடத்தையும் வேலியையும் கதவின் தாழ்ப்பாளையும் புகைப்படம் எடுங்கள். பார்த்தவர்களின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சேணம், அங்கவடி, கடிவாளம் ஆகியவற்றைத் துடைக்காமலும் பழுதுபார்க்காமலும் அப்படியே ஒரு பெட்டியில் எடுத்து வையுங்கள். பின்னாளில் வார் இற்றிருந்ததா என்ற கேள்விக்கு அதுவே சான்று. உங்கள் நிறுவனத்துக்கும், அம்பர்லா பாலிசி வேறு நிறுவனத்தினுடையதானால் அவர்களுக்கும், சங்க மேலாளருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தாமதமான அறிவிப்பு, கோரிக்கையை மறுப்பதற்கு நிறுவனங்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தால் நீங்களே பதில் எழுதாமல் நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

இந்த எண்களையெல்லாம் விபத்தின் பதற்றத்தில் தேட முடியாது. பாலிசி எண்கள், நிறுவனங்களின் கோரிக்கைப் பிரிவு, கால்நடை மருத்துவர், சங்க மேலாளர், அண்டை வீட்டார் இருவர் ஆகியோரின் தொலைபேசி எண்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, நெகிழி உறையிலிட்டு, சேணங்கள் தொங்கும் அறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். பாலிசி புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும், இணைப்புத்தாள்களில் புதிதாக ஏதேனும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு, அந்தத் தாளையும் மாற்றுங்கள்.